ஒரே பதிவில் இரண்டு கைகள்

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வழங்கப்படும் சிடிசி பற்றுச்சீட்டுகளைப் பற்றி ஒரு கேள்வி. ஒரு குடும்பத்திற்கு ஓர் இணைப்புதான் வருகிறது. அதை வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அனுப்பி வைக்கலாம். அம்மா தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறார். அதே நொடியில் மகன் ஈசூனில் ஓர் உணவங்காடிக் கடை முன்னால் நிற்கிறான். இருவரும் ஒரே 10 வெள்ளிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் என்ன நடக்க வேண்டும்?

ஒருவருக்குத்தான் அது செல்ல வேண்டும் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் கணினிக்கு அது தானாகத் தெரியாது. இரண்டு வேண்டுகோள்கள் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் விடுவது, மற்றவரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது, அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதை எல்லாம் ஒரு நிரலாளர் முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்க வேண்டும்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். நேரம் கிடைக்கும்போது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் திட்டப்பணிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் உண்டு. திரை வடிவமைப்பு, வண்ணம், கடவுச்சொல் பாதுகாப்பு என எல்லாவற்றிலும் இன்றைய மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால், “இரண்டு பேர் ஒரே நேரத்தில் இந்தப் பொத்தானை அழுத்தினால்?” என்று கேட்டால் பெரும்பாலும் அமைதிதான் பதிலாக வரும். அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

காணாமல் போன 17 விளக்குகள்

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்த வாரத்தில், லிட்டில் இந்தியாவில் பித்தளை விளக்குகளும் பூசைப் பொருள்களும் விற்கும் ஒரு கடையின் உரிமையாளர் என்னை வரச் சொன்னார். கடையில் இரண்டு கட்டண முகப்புகள். இரண்டும் பின்னறையில் உள்ள ஒரே கணினியில் கணக்கு வைத்தன. அந்த நிரலைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல இருக்கு, அலமாரியில இல்ல. 17 விளக்கு குறையுது,” என்றார்.

அவருடைய சந்தேகம் இரண்டாவது முகப்பில் நின்ற பெண் மீது. ஊரிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் அவர். திருட்டுப் பழி விழுந்தால் வேலை மட்டுமல்ல, இந்த நாட்டில் இருப்பதும் முடிந்துபோகும். கடையில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிரலின் அமைப்பு எளிமையானது. தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள். ஒன்று இருப்பு அட்டவணை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு பதிவு. பொருள் விற்கும்போதெல்லாம் அந்தப் பதிவில் உள்ள எண் மாறும். மற்றொன்று ரசீது அட்டவணை. ஒவ்வொரு விற்பனைக்கும் அதில் புதிதாக ஒரு வரி சேரும். பழைய வரி எதுவும் மாறாது.

நான் முதலில் செய்தது வெறும் கழித்தல் கணக்கு. மாதத் தொடக்கத்தில் இருந்த விளக்குகள், இடையில் வந்து இறங்கியவை, இரண்டையும் கூட்டி, ரசீதுகளில் விற்றதாக உள்ளவற்றைக் கழித்தேன். வந்த விடை அலமாரியில் இருந்த எண்ணிக்கையோடு அப்படியே பொருந்தியது. 17 விளக்குகளும் விற்கப்பட்டிருந்தன. ரசீது போடப்பட்டிருந்தது. பணமும் கல்லாவுக்கு வந்திருந்தது. இருப்பு அட்டவணையில் மட்டும்தான் அவை கழியவில்லை.

காரணத்தைத் தேடி ரசீதுகளின் நேரத்தைப் பார்த்தேன். ஒரே வகை விளக்கு, இரண்டு முகப்புகள், ஒரு நிமிடத்திற்கும் குறைவான இடைவெளி. இப்படிப்பட்ட இரட்டை ரசீதுகள் தீபாவளிக்கு முந்திய நாள்களில் வரிசையாகக் கிடந்தன.

நடந்தது இதுதான். ஒரு குத்துவிளக்கின் இருப்பு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 10.15, 05 நொடி: முதல் முகப்பு இருப்பைப் படிக்கிறது. 12.
20 நொடி: இரண்டாம் முகப்பும் படிக்கிறது. அதற்கும் 12.
40 நொடி: முதல் முகப்பில் பணம் செலுத்தியாகிறது. 12-இல் ஒன்று போக 11 என்று எழுதுகிறது.
52 நொடி: இரண்டாம் முகப்பிலும் பணம் செலுத்தியாகிறது. தன் கையில் உள்ள 12-இல் ஒன்றைக் கழித்து அதுவும் 11 என்று எழுதுகிறது.

அலமாரியில் 10 விளக்குகள். கணினியில் 11. முதல் முகப்பு செய்த திருத்தத்தின் மேல் இரண்டாம் முகப்பு எழுதிவிட்டது. இதைத் ‘தொலைந்த திருத்தம்’ என்பார்கள். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது. இரண்டு முகப்புகளும் தத்தம் அளவில் சரியாகவே நடந்துகொண்டன.

ஆண்டு முழுவதும் ஓடிய நிரல் தீபாவளியில் மட்டும் ஏன் தவறியது? படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே, வாடிக்கையாளர் பணப்பையைத் தேடும் நேரமாக, அரை நிமிட இடைவெளி இருந்தது. சாதாரண நாளில் அந்த அரை நிமிடத்திற்குள் அதே விளக்கை அடுத்த முகப்பில் இன்னொருவர் வாங்க மாட்டார். கூட்ட நாளில் வாங்குவார். இந்த வகைப் பிழைகள் எல்லாம் இப்படித்தான். நீங்கள் தனியாக அமர்ந்து சோதிக்கும்போது தலைகாட்டாது. நெரிசல் வந்தவுடன் வரும்.

ரசீதுகளை அச்சிட்டு உரிமையாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் பேசினார். நிரலில் நான் மாற்றியது ஏறக்குறைய ஒரு வரிதான். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

பூட்டு என்றால் என்ன?

இந்தச் சிக்கல் புதியதன்று. பலர் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடும் தேவை 1960களிலேயே வந்துவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்திற்காக ஐபிஎம் உருவாக்கிய ‘சேபர்’ விமானப் பதிவுமுறை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பல நகரங்களில் உள்ள முகவர்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளை விற்றார்கள். ஓர் இருக்கையை இருவருக்கு விற்றுவிடக் கூடாது.

இதற்கு உறுதியான கோட்பாடு 1976இல் வந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரைகர் ஆகிய நால்வர் எழுதிய ஆய்வுக்கட்டுரை அது. ஆசிரியர் வரிசையில் முதலாவதாக இருப்பது ஈஸ்வரனின் பெயர். இந்தத் துறையில் செய்த பணிக்காக ஜிம் கிரேவுக்கு 1998இல் டியூரிங் விருது கிடைத்தது.

அவர்கள் சொன்ன விதியின் சாரம் இது. ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு ‘பரிவர்த்தனை’ என்று கட்டிவிடுங்கள். முழுவதும் நடக்க வேண்டும், அல்லது எதுவுமே நடக்கக் கூடாது. பரிவர்த்தனை தொடும் ஒவ்வொரு தரவையும் தொடும் முன் பூட்ட வேண்டும். ஒரு பூட்டையாவது திறந்துவிட்டால், அதன் பிறகு புதிதாக எதையும் பூட்டக் கூடாது. முதலில் பூட்டுகளைச் சேர்க்கும் கட்டம், பிறகு விடும் கட்டம். இதனால் இதற்கு ‘இருகட்டப் பூட்டுதல்’ என்று பெயர். இந்த விதியை எல்லாரும் பின்பற்றினால், ஒரே நேரத்தில் நடந்த பரிவர்த்தனைகளின் விளைவு, அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று நடந்திருந்தால் வந்திருக்கும் விளைவாகவே இருக்கும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

பூட்டில் இரண்டு வகை உண்டு. சமூக மன்றத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து நின்று அதைப் படிக்கலாம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இது பகிர்வுப் பூட்டு. அறிவிப்பை மாற்ற வரும் ஊழியர், படிப்பவர்கள் விலகும்வரை காத்திருந்து, கதவைத் திறந்து வேலை செய்வார். அவர் முடிக்கும்வரை யாரும் படிக்க முடியாது, வேறு யாரும் மாற்றவும் முடியாது. இது தனிப்பூட்டு.

எவ்வளவு பெரிய பகுதியைப் பூட்டுவது என்பது அடுத்த கேள்வி. தேக்கா நிலையத்தில் ஒரு கடைக்காரர் சரக்கு எண்ணுவதற்காகச் சந்தை முழுவதையும் மூடச் சொன்னால் எப்படி இருக்கும்? பழைய காலத்துக் கடை நிரல்கள் பலவற்றில் அதுதான் நடந்தது. முழுக் கோப்பையும் பூட்டிவிடுவார்கள். எழுதுவது எளிது, ஆனால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு பதிவை மட்டும் பூட்டினால் மற்றவர்கள் தங்கள் வேலையைத் தொடரலாம். ஆனால் தரவுத்தள மென்பொருளின் வேலை கடினமாகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு விடை

எவ்வளவு கடினம் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். தரவுத்தளம் பதிவுகளை வட்டில் ‘பக்கம் பக்கமாக’ வைக்கிறது. ஒரு பக்கத்தில் பல பதிவுகள் இருக்கும். ஒரு பதிவை நான் மாற்றுகிறேன், அதே பக்கத்தில் உள்ள இன்னொரு பதிவை நீங்கள் மாற்றுகிறீர்கள். உங்கள் வேலை முடிந்துவிட்டது. என் வேலை பாதியில் நிற்கிறது. அப்போது மின்சாரம் போய்விடுகிறது.

மீண்டும் தொடங்கும்போது என் பாதி வேலையை அழிக்க வேண்டும். அதற்காகப் பக்கத்தின் பழைய நகலை எடுத்து ஒட்டினால், நீங்கள் முடித்த வேலையும் சேர்ந்து அழிந்துவிடும். பதிவு பதிவாகப் பூட்ட வேண்டுமென்றால் முதலில் இதற்கு விடை வேண்டும்.

அந்த விடையைத் தந்த குழுவின் தலைவர் சி. மோகன். 1955இல் தமிழ்நாட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். சென்னை ஐஐடியில் அவர் படித்தது வேதிப் பொறியியல் என்பது பல மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1977இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்று ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். 1992இல் அவரும் சக ஆய்வாளர்கள் நால்வரும் வெளியிட்ட ‘ஏரிஸ்’ என்ற முறை, ஏறக்குறைய 70 பக்க ஆய்வுக்கட்டுரையாக வந்தது.

அதன் அடிப்படை, நம் பாட்டிமார் கணக்கு நோட்டில் எழுதிவிட்டுத்தான் பணப்பெட்டியைத் திறப்பார்கள் என்பதைப் போன்றது. வட்டில் உள்ள பக்கத்தை மாற்றும் முன், என்ன மாற்றப் போகிறோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரிசை எண். ஒவ்வொரு பக்கமும் தன்மேல் கடைசியாக நடந்த மாற்றத்தின் எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும். கணினி விழுந்து எழுந்தால், குறிப்பேட்டைப் படித்து, விழுந்த நொடிவரை நடந்த எல்லாவற்றையும் அப்படியே மீண்டும் செய்து பழைய நிலையைக் கொண்டுவரும். அதன் பிறகே, முடியாத பரிவர்த்தனைகளின் மாற்றங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பும். உங்கள் வேலை தப்பிக்கும், என் பாதி வேலை மட்டும் அழியும். 1997இல் மோகன் ஐபிஎம்மின் உயரிய ‘ஃபெல்லோ’ நிலைக்கு உயர்த்தப்பட்டார். அவர் முன்வைத்த கருத்துகள் இன்று தரவுத்தளப் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

பூட்டாமலும் காக்கலாம்

எப்போதும் பூட்டத்தான் வேண்டுமா? 1981இல் எச்.டி. குங், ஜான் ராபின்சன் என்ற இருவர் வேறு வழி ஒன்றைச் சொன்னார்கள். மோதல் அரிதாகத்தான் நடக்கும் என்று நம்பிக்கையோடு தொடங்குவோம். வேலையை முடித்துச் சேமிக்கும் நொடியில், இடையில் யாராவது மாற்றினார்களா என்று பார்ப்போம். மாற்றியிருந்தால் மீண்டும் முயல்வோம். இதற்கு ‘நம்பிக்கை அடிப்படையிலான முறை’ என்று பெயர்.

விக்கிப்பீடியாவில் கட்டுரை திருத்தியவர்களுக்கு இது பழக்கமானது. நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் வரிகளையே வேறொருவர் முந்திக்கொண்டு மாற்றிச் சேமித்துவிட்டால், ‘திருத்த முரண்பாடு’ என்று பக்கம் சொல்லும். அது உங்களைப் பூட்டி வைக்கவில்லை. அதே சமயம் மற்றவரின் உழைப்பை உங்கள் திருத்தம் விழுங்கிவிடவும் அது விடவில்லை.

உங்கள் நிரலில் இதைச் செய்வது எளிது. ஒவ்வொரு பதிவிலும் ‘பதிப்பு எண்’ என்று ஒரு நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது அந்த எண்ணையும் படியுங்கள். அது 7 என்று வைத்துக்கொள்வோம். எழுதும்போது, “பதிப்பு எண் இன்னும் 7ஆக இருந்தால் மட்டும் மாற்று, எண்ணை 8 ஆக்கு” என்று கட்டளை இடுங்கள். எத்தனை வரிகள் மாறின என்று தரவுத்தளம் பதில் தரும். 1 என்றால் வெற்றி. 0 என்றால் யாரோ முந்திவிட்டார். இந்த 0-ஐப் பார்க்க மறப்பதுதான் மாணவர் நிரல்களில் நான் அடிக்கடி காண்பது. கட்டளை சரியாக இருக்கும், பதிலைக் கேட்டிருக்க மாட்டார்கள். பயனாளருக்குச் “சேமிக்கப்பட்டது” என்று செய்தி போகும், உண்மையில் எதுவும் மாறியிருக்காது.

விளக்குக் கடையில் நான் செய்தது இதைவிடவும் எளிது. “இருப்பு 11 என்று எழுது” என்ற கட்டளையை, “இருப்பில் ஒன்றைக் கழி, இருப்பு குறைந்தது 1 இருந்தால் மட்டும்” என்று மாற்றினேன். முகப்பு தன் கையில் உள்ள பழைய எண்ணை நம்புவதில்லை. கழித்தலைத் தரவுத்தளமே செய்கிறது. அந்தக் கணத்தில் அது அந்தப் பதிவைத் தானே பூட்டி, கழித்து, திறந்துவிடுகிறது. அரை நிமிட இடைவெளி நொடியின் மிகச் சிறு பங்காகிவிட்டது. அந்தச் சிறு பங்கிலும் இருவர் நுழைய முடியாது.

மனிதருக்காகக் காத்திருக்கும் பூட்டு

2024 மார்ச்சில் தேசிய விளையாட்டரங்கில் டெய்லர் சுவிஃப்ட் 6 நாள் நிகழ்ச்சி நடத்தினார். அதற்கு நுழைவுச்சீட்டு வாங்க இணையத்தில் காத்திருந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். இத்தகைய விற்பனைகளில் நம்பிக்கை முறை சரிப்படாது. மோதல் அரிதானதன்று, நிச்சயமானது. விவரம் எல்லாம் நிரப்பி, அட்டை எண்ணும் கொடுத்த பிறகு “வேறொருவர் எடுத்துவிட்டார்” என்றால் யாருக்கும் கோபம் வரும்.

அதற்காக, ஒருவர் இருக்கையைத் தொட்டவுடன் தரவுத்தளப் பூட்டைப் போட்டு, அவர் பணம் செலுத்தும்வரை பிடித்து வைக்கலாமா? கூடாது. அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். கைப்பேசி அணைந்துபோகலாம். மனிதர் யோசித்துக்கொண்டிருக்கும்போது தரவுத்தளப் பூட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது இத்துறையின் பொன்விதி.

மாற்று வழி, இருக்கைப் பதிவிலேயே “இன்னாருக்காக 3 மணி 42 நிமிடம்வரை ஒதுக்கப்பட்டது” என்று எழுதிவிடுவது. எழுதும் கணத்தில் மட்டும் பூட்டு. நேரம் கடந்தால் அந்த ஒதுக்கீடு செல்லாது, இருக்கை மற்றவர்களுக்குத் திறந்துவிடும். திரைப்படச் சீட்டு வாங்கும்போது திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடிகாரம் நம்மை அவசரப்படுத்த மட்டும் வைத்ததில்லை.

முட்டுக்கட்டையும் மறைந்திருக்கும் மோதலும்

பூட்டுகள் தமக்கே உரிய தொல்லையையும் கொண்டுவருகின்றன. அக்கா தம்பிக்கு 20 வெள்ளி அனுப்புகிறார். அதே நொடியில் தம்பி அக்காவுக்கு 5 வெள்ளி அனுப்புகிறான். முதல் பரிவர்த்தனை அக்காவின் கணக்கைப் பூட்டிவிட்டுத் தம்பியின் கணக்குக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது தம்பியின் கணக்கைப் பூட்டிவிட்டு அக்காவின் கணக்குக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகரா. இதுதான் முட்டுக்கட்டை நிலை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஒரு பரிவர்த்தனை 1 நொடிக்கு மேல் காத்திருந்தால், இப்படி வட்டமாக மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடும். மாட்டியிருந்தால் ஒன்றை ரத்துசெய்யும். ரத்தானதை மீண்டும் முயல்வது உங்கள் நிரலின் பொறுப்பு. முன்கூட்டியே தவிர்க்கவும் வழி உண்டு. அனுப்புபவர் யாராக இருந்தாலும், சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு என்று ஒரே விதி வைத்துவிட்டால் வட்டம் உருவாகவே உருவாகாது.

இன்னொரு மோதல் கண்ணுக்கே தெரியாது. பொங்கல் விழாவுக்குத் தொண்டூழியர் பட்டியல் ஒன்று இருக்கிறது. முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது பணியில் இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி பெற்ற இருவர் இருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் “வர இயலாது” என்று அழுத்துகிறார்கள். நிரல் ஒவ்வொருவருக்கும், “மற்றவர் இருக்கிறார், நீங்கள் விலகலாம்” என்கிறது. இருவரும் விலகிவிடுகிறார்கள். இங்கே இருவரும் மாற்றியது தத்தம் பதிவைத்தான். ஒரே பதிவில் இரண்டு கைகள் படவே இல்லை. ஆனாலும் விதி உடைந்துவிட்டது.

இதைத் தடுக்கத்தான் தரவுத்தளங்களில் ‘தனிமை நிலைகள்’ உள்ளன. 1992ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை இவற்றை நான்காக வகுத்தது. உச்ச நிலையில், பரிவர்த்தனைகள் வரிசையில் நின்று நடந்ததைப் போன்ற விளைவு உறுதி. ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் பல தரவுத்தளங்கள் அந்த நிலையைத் தருவதில்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டுமே அதைவிடத் தாழ்ந்த நிலையில்தான் தொடங்கும். உச்ச நிலையில் வேகம் குறையலாம், மீண்டும் முயல வேண்டியும் வரலாம் என்பதே காரணம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை.

பிழை நிரலில், தண்டனை மனிதருக்கு

இவற்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 2014 மார்ச்சில் ஃபிளெக்ஸ்காயின் என்ற பிட்காயின் சேமிப்பு நிறுவனம் மூடப்பட்டது. ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்படி ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களை ஒருவர் ஒரே நேரத்தில் அனுப்பினார். இருப்பு குறைக்கப்படும் முன்னரே ஒவ்வொரு வேண்டுகோளும் பழைய இருப்பைப் பார்த்து ஒப்புதல் பெற்றது. 896 பிட்காயின்கள் போயின. விளக்குக் கடையில் தற்செயலாக நடந்ததை இங்கே ஒருவர் வேண்டுமென்றே செய்தார்.

அதைவிட வேதனையானது பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களின் கதை. அங்கே ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளில் துண்டு விழுந்ததாகக் காட்டியதால், 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலைய நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மென்பொருளில் இருந்த பல பிழைகளில் ஒன்றுக்கு, அது வெளிப்பட்ட ஸ்காட்லாந்துக் கிளையின் பெயரால் ‘கேலண்டர் ஸ்குவேர்’ என்று பெயர். ஒரு பூட்டு விடுவிக்கப்படாமல் நின்றதால், ஒரு முகப்பில் பதிந்தது மற்ற முகப்புகளுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே பெற்றுக்கொண்ட தொகையை ஊழியர்கள் இன்னொரு முகப்பிலும் பெற்றதாகப் பதிந்தார்கள். கணக்கு இரட்டித்தது. 2005இல் அந்தக் கிளையில் தெரியவந்த அப்பிழை 2006இல்தான் சரிசெய்யப்பட்டது.

சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண், சர்ரே வட்டாரத்தில் ஓர் அஞ்சல் நிலையத்தை நடத்தியவர். 2010இல் அவரது வழக்கு விசாரணையில் இந்தப் பிழையைப் பற்றிய பேச்சும் வந்தது. அவரது கணக்குக் குறைவுக்கு இதுவே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணினி சரியாகவே இயங்கும் என்ற நம்பிக்கைதான் அங்கே வென்றது. கருவுற்றிருந்த நிலையில் அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரையும் சேர்த்து 39 பேரின் தண்டனைகளை ஒரே நாளில் ரத்துசெய்தது.

கணினி கணக்கில் தவறு செய்யாது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கூட்டல் கழித்தலில் அது உண்மைதான். யாருடைய கூட்டல் யாருடைய கழித்தலை மூடியது என்பதை மனிதர் எழுதிய நிரல்தான் தீர்மானிக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளித் திட்டப்பணிகளில் பலரும் பயன்படுத்தும் எஸ்கியூலைட்டைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, இரண்டிலும் ஒரே தரவுத்தளக் கோப்பைத் திறவுங்கள்.

முதல் சாளரத்தில் ‘பிகின் இமீடியட்’ என்று பரிவர்த்தனையைத் தொடங்கி, ஓர் எண்ணை மாற்றுங்கள். முடிக்க வேண்டாம். இரண்டாம் சாளரத்திலும் எதையாவது மாற்ற முயலுங்கள். ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’ என்ற செய்தி வரும். எஸ்கியூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும். முழுக் கோப்புக்கும் ஒரே எழுத்துப் பூட்டு. பைத்தான் வழியாகச் செய்தால் 5 நொடி காத்திருந்து பார்த்துவிட்டு அதே செய்தியைத் தரும். பல மாணவர்கள் இந்தச் செய்தியைக் கண்டு எரிச்சல்படுவார்கள். உண்மையில் அது உங்கள் தரவைக் காக்கிறது.

அடுத்த சோதனை இன்னும் முக்கியம். இரண்டு சாளரங்களிலும் இருப்பை முதலில் படித்து, எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைக் கழித்து, விடையை ஒவ்வொரு சாளரத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். பூட்டு இருந்தும் ஒரு திருத்தம் தொலைந்துபோவதைக் காண்பீர்கள். ஏனென்றால் படிப்பது ஒரு வேலை, எழுதுவது வேறு வேலை என்று நீங்கள் பிரித்துவிட்டீர்கள். இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் கட்டினால்தான், அல்லது கழித்தலைத் தரவுத்தளத்திடமே ஒப்படைத்தால்தான், பாதுகாப்பு. நீங்கள் சொல்லாததைத் தரவுத்தளம் ஊகித்துச் செய்யாது.

திட்டப்பணியைச் சமர்ப்பிக்கும் முன், ஒவ்வொரு ‘சேமி’ பொத்தானிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் படித்த பிறகு வேறொருவர் மாற்றியிருந்தால் எனக்குத் தெரியுமா? தோற்றவருக்கு நிரல் உண்மையைச் சொல்கிறதா? நாளை கணக்கு உதைத்தால், நடந்ததைக் காட்ட அழியாத வரிகள் எங்காவது இருக்கின்றனவா?

பிறகு பக்கத்தில் இருக்கும் நண்பரை அழைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இருவரும் சேர்ந்து அழுத்துங்கள்.